சுடாத துப்பாக்கி வரைந்த கோடு

கந்தப்போடி கேதீஸ்வரி வென்றவற்றை முதலில் வரிசையாக எழுதிவிட வேண்டும், கதை பிறகு.

2024 ஒக்டோபர், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய தெரிவுப் போட்டி, பத்து மீற்றர் காற்றுத் துப்பாக்கி: பதினொரு பேரில் நான்காம் இடம், 598.6 புள்ளி. பதக்கம் மூன்று பேருக்குத்தான். ஆனால் தேசியக் குழுவுக்கு நான்கு பேரை எடுத்தார்கள். 2025 மார்ச்: வெண்கலம், 607.9. 2025 ஓகஸ்ட்: தங்கம், 616.2. இவை தவிர, பொலிசாரிடமிருந்து "இந்தப் பொருள் சுடாது" என்று முத்திரை குத்திய ஒரு கடிதம்; நான்கு தடவை நடந்து வாங்கியது. கல்முனை பஸ்ஸில் நீளப் பையோடு ஏறும் உரிமை. மூன்று மாதம் வாதாடி வாங்கியது. அடுத்த வீட்டுச் சீதேவிப்பிள்ளை மாமியின் வாயிலிருந்து ஒரு பாராட்டு. 2025 ஓகஸ்ட் 19ஆம் திகதி கிடைத்தது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இவ்வளவையும் வென்றவளின் வலது கைக்கு ஒரு கோப்பைத் தேநீரைத் தூக்கும் பலம் கிடையாது.

கேதீஸ்வரி பிறந்தது 1999இல், வாகரைப் பக்கம் கதிரவெளியில். ஒன்பது வயதில், ஊர் திரும்பிய புதிதில், கஜூ முந்திரித் தோட்டத்தில் பழம் பொறுக்கப் போனவள் பழமல்லாத ஒன்றைக் கையில் எடுத்துவிட்டாள். உயிர் தப்பியது. வலது கை முழங்கைக்குக் கீழே பெயருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. விரல்கள் அசையும், ஆனால் எதையாவது பிடிக்கப் போனால் வாழையிலை நுனிபோல நடுங்கும். அப்பா அப்போதே இல்லை. அம்மா புஸ்பம் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் செட்டிபாளையத்தில் சொந்தக்காரரின் வளவில் வந்து இருந்தார். ஐந்து வருடத்தில் அம்மாவும் போனார். மிஞ்சியது அக்கா சுலோஜனா.

சுலோஜனா தங்கையைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு தையலுக்குப் போனவள். அவள் தைத்த சட்டையின் உள்பக்கத்தைப் புறம் மாற்றி வெளியே போட்டாலும் ஊர் கண்டுபிடிக்காது, அவ்வளவு சுத்தம். அரை அங்குலம் என்றால் அரை அங்குலம். ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி சொல்லிக்கொடுத்த நேர்ஸ், "நல்ல கையை ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் கட்டி வையுங்க. அப்பதான் மற்றக் கை வேலை பழகும். ஆறு கிழமை செஞ்சு, மறுகா கூட்டி வாங்க" என்றார். ஆறு கிழமை முடிய முன்னரே வீடு மாறியது. திரும்பிக் கூட்டிப்போக முடியவில்லை. நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை என்பதால் சுலோஜனா நிறுத்தவில்லை. மாலையில் அரை மணித்தியாலம், மணிக்கூட்டைப் பார்த்து, மெல்லிய பருத்தித் துண்டால் தங்கையின் இடது கையைக் கதிரைச் சட்டத்தோடு கட்டுவாள். வலது கையில் பென்சிலைச் செருகுவாள். பென்சில் விழும். எடுத்துச் செருகுவாள். விழும். இப்படி ஆறு கிழமையல்ல, ஏழு வருடம்.

அதில் கொடுமை எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. சோறு தின்ன, ஆளுக்கு ஒன்றைக் கொடுக்க, வாங்க, எழுத எல்லாம் சோத்துக்கைதான். நவராத்திரியில் ஏடு தொடக்கும்போது அரிசியில் தங்கையின் விரலைப் பிடித்து எழுதியது அந்தக் கைதான். கை ஒருநாள் திரும்பி வரும். வரும்வரை மற்றதை அக்கா பார்த்துக்கொள்வாள். அதனால் பள்ளிக்கூடப் பத்திரம், கிளினிக் கொப்பி எல்லாவற்றிலும் அக்காவின் கையெழுத்து. பதினாறு வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோது, "கையொப்பம் இட முடியாதவர்" என்ற இடத்தில் அக்காவே கோடு போட்டாள். கேதீஸ்வரியின் அட்டையில் பெயருக்குக் கீழே இருந்தது ஒரு பெருவிரல் அடையாளம். அன்றிலிருந்து வங்கியிலும் பெருவிரல், பிரதேச செயலகத்திலும் பெருவிரல்.

சின்ன வேலைகளுக்கு இடது கைக்குத் தடை இல்லை. கூட்டலாம், தேங்காய் துருவலாம், அக்காவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கலாம். அந்த ஊசிதான் கதையைத் தொடக்கியது.

2024 மே மாதத்தில் றோஸ்மேரி சட்டை தைக்கக் கொடுக்க வந்தாள். மட்டக்களப்பு நகரத்தில் மாற்றுத்திறனாளிகள் சங்கமொன்றின் விளையாட்டுப் பொறுப்பாளர். சுலோஜனாவின் வயதுதான் இருக்கும். அளவெடுக்க நின்றவள் கண்ணை அங்குமிங்கும் ஓட்டினாள். மூலையில் கேதீஸ்வரி ஊசியை மேசை விளிம்பில் குத்தி நிறுத்தி, மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, ஒரே தள்ளில் நூலைக் கோத்தாள். அடுத்த ஊசி. அதுவும் ஒரே தள்ளு.

"இந்தப் புள்ளைக்கு மூச்சை இப்பிடிப் பிடிக்க ஆர் படிப்பிச்ச?" என்று றோஸ்மேரி கேட்டாள்.

"ஆரும் படிப்பிக்கல்ல மிஸ்" என்றாள் கேதீஸ்வரி. "ரெண்டாந்தரம் கோத்தா அக்கா மூஞ்சைய நீட்டும். அதுக்குப் பயந்துதான்."

கையால் துப்பாக்கியைத் தாங்க முடியாதவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது என்று றோஸ்மேரி சொன்னாள். சுருள்கம்பி வைத்த தாங்கியில் துப்பாக்கி கிடக்கும். ஈயக்குண்டைப் போட்டுக்கொடுக்கப் பக்கத்தில் ஒருவர் இருக்கலாம். ஆனால் அவர் வாய் திறக்கக் கூடாது. "எந்தக் கையால விசையை இழுப்பாய், புள்ள?"

கேதீஸ்வரி வாயைத் திறக்க முன்னரே சுலோஜனா, "சோத்துக்கையாலதான் மிஸ். வேற எதால?" என்றாள். றோஸ்மேரி எழுதிக்கொண்டாள்.

உண்மைத் துப்பாக்கி நகரத்தில், சங்கத்தின் இரும்பு அலுமாரிக்குள். அதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. மாதத்தில் இரண்டு நாள்தான் தொடலாம். மற்ற நாளுக்காக றோஸ்மேரி ஒரு பயிற்சிக் கட்டையைக் கொண்டுவந்தாள். அதே பாரம், அதே நீளம்; மரப்பிடி, குழாய்க்குப் பதிலாக அடைத்த இரும்புக் கம்பி, பழைய துப்பாக்கியொன்றின் விசை. இழுத்தால் "டிக்" என்று மட்டும் சொல்லும். கம்பியின் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைப் பூட்டினாள். அதற்குள் கண்போல ஒன்று. எதிரே சுவரில் ஒட்டிய கறுப்பு வட்டத்தை அது பார்த்துக்கொண்டேயிருக்கும். துப்பாக்கியின் மூக்கு எங்கெல்லாம் அலைகிறதோ அதையெல்லாம் மடிக்கணினித் திரையில் கோடாக வரையும். வட்டத்தைத் தேடி வரும்போது பச்சை, கடைசி ஒரு நொடி மஞ்சள், விசை இழுபட்ட பிறகு சிவப்பு. உண்மையில் சுட்டிருந்தால் குண்டு எங்கே பட்டிருக்கும் என்று ஒரு புள்ளியும் வைத்து, பக்கத்தில் கணக்கும் போடும். வெளிநாட்டுக்காரர் யாரோ சங்கத்துக்கு அன்பளித்துப் பெட்டி பிரிக்காமலே கிடந்த சாமான் அது.

"பொய் சொல்லத் தெரியாத சாமான்" என்றாள் றோஸ்மேரி. "குண்டு சில நேரம் அதிட்டத்துக்குப் படும். இதுக்கு அதிட்டம் தெரியாது."

சுலோஜனாவுக்கு அந்தச் சாமானை உடனே பிடித்துவிட்டது. அளவு சொல்கிற எதையும் அவளுக்குப் பிடிக்கும். தையல் நாடாவால் வீட்டை அளந்தாள். பின்கதவிலிருந்து நடுக்கூடம் வழியாக முன்னறைச் சுவர்வரை ஆறு முழு நாடாவும் நூறு சென்ரிமீற்றரும். சரியாகப் பத்து மீற்றர். இடையில் இருந்த அலுமாரியை நகர்த்தினாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் துப்பாக்கி பார்க்கும் கோட்டுக்குக் கீழே குனிந்து போக வேண்டும் என்று சட்டம் போட்டாள். தடித்த கித்தான் துணியில் தங்கைக்கு விறைப்பான சட்டை தைத்தாள். வலது தோளில் துப்பாக்கி முட்டும் இடத்தில் மூன்று மடிப்பு வைத்து இரட்டைத் தையல். பஸ்ஸில் கொண்டுபோகும்போது யாரும் பயப்படாதிருக்க, பழைய பூப்போட்ட திரைச்சீலையில் கட்டைக்கு உறை. வாடிக்கைக்காரரின் அளவுகளை எழுதும் கொப்பியைத் தலைகீழாகப் பிடித்து, கடைசிப் பக்கத்திலிருந்து தங்கையின் புள்ளிகளை எழுதத் தொடங்கினாள்.

மூன்றாம் நாளே வேலிக்கு மேலால் சீதேவிப்பிள்ளை மாமியின் தலை தெரிந்தது.

"என்னகா சுலோ, வீட்டுக்குள்ள துவக்கு வச்சிரிக்கயாம்?"

"அது சுடாது மாமி. வெறுங்கட்டை."

"சுடாத துவக்க என்னத்துக்குகா வச்சிரிக்க? பால் கறக்காத மாட்டுக்கு ஆரும் தீன் போடுவாகளா?"

"நீங்க மாமாவுக்கு முப்பது வருசமாச் சோறு போடுறீங்கதானே மாமி" என்று கேதீஸ்வரி பின்கதவிலிருந்து குரல் கொடுத்தாள்.

மாமி சிரித்தார். ஆனால் மாமியின் கண் சிரிக்கவில்லை. "விளையாட்டில்ல புள்ள. இந்த ஊரில துவக்கிட நிழலும் ஆளைப் புடிக்கும். அதுவும் இந்தக் கையோட." அன்றே சுலோஜனா பொலிஸ் கடிதத்துக்கு நடக்கத் தொடங்கினாள். கிடைத்ததும் பிளாஸ்திக் உறையில் போட்டு முன்கதவில் ஆணியடித்தாள்.

ஓகஸ்ட் தொடக்கத்தில் றோஸ்மேரி ஒரு தகவலோடு வந்தாள். ஒக்டோபர் தேசிய தெரிவுக்கு மாவட்டத்திலிருந்து ஒருவரைத்தான் அனுப்பலாம். வாழைச்சேனைப் பக்கம் ஹெக்டர் என்றொருவர் இதே கருவியில் அறுபது வெடிக்கு 577 எடுத்திருக்கிறார். கேதீஸ்வரி 580 எடுத்துக் காட்டினால் அவள். செப்டெம்பர் 16 பெயர் கொடுக்கக் கடைசி நாள். விண்ணப்பத்தை அப்போதே நிரப்பி வைத்தார்கள். சுடும் கை: வலது. குண்டு போட்டுக்கொடுப்பவர்: சுலோஜனா. கீழே பெருவிரல் அடையாளம், சாட்சியாக அக்காவின் கையெழுத்து.

அன்றைய கணக்கு 531.

அதன் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. திரையில் பச்சைக் கோடு நல்லபடியாகத்தான் வட்டத்துக்குள் வரும். மஞ்சள் தொடங்கியதும் கோடு படபடக்கும். விசை இழுபடும் கணத்தில் வலது பக்கம் கீழே ஒரு துள்ளல். சிவப்பு எங்கோ போய் நிற்கும். 528. 536. 529.

சுலோஜனா காரணம் தேடினாள். முதலில் தன் தையல் மெசின்தான் என்று நினைத்தாள், தரை அதிர்கிறது. பயிற்சி நேரத்தில் மெசினை நிறுத்தினாள். 533. பிறகு குளிர்சாதனப் பெட்டி உறுமுகிறது என்று வயரைப் பிடுங்கினாள். 530, மீனும் பழுதாய்ப் போனது. பிறகு பிரதான வீதியில் போகும் பஸ். பஸ் போகும் நேரங்களை வாசலில் நின்று மூன்று நாள் குறித்து, இடைவெளியில் மட்டும் சுடச் சொன்னாள். 537. பிறகு கச்சான் காற்று. சூடாக அடித்துக் கூரைத் தகரத்தைக் கடகடவென்று ஆட்டுகிறது. சுவரிலுள்ள வட்டமும் ஆடுகிறதோ? வட்டத்தைப் பலகையில் ஒட்டி, பலகையைச் சுவரில் எட்டு ஆணியால் அறைந்தாள். 534.

"அக்கா, இனிக் கடலை நிப்பாட்டப் போறயா?" என்று கேட்டாள் கேதீஸ்வரி.

"நீ வாயை மூடிக்கொண்டு குறியைப் பாரு."

"வாயை மூட வேண்டிய ஆள் நீதான். மிஸ் சொன்ன ஞாபகமில்லையா? குண்டு போடுற ஆள் பேசினா என்னை வெளிய போடுவாகளாம்."

சுலோஜனா பல்லைக் கடித்துக்கொண்டு, இல்லாத குண்டை இல்லாத துவாரத்துக்குள் போடுவதுபோலக் கையை அசைத்து, பின்னால் நகர்ந்தாள். டிக். திரையைப் பார்த்தாள். புள்ளியைக் கொப்பியில் எழுதினாள்.

செப்டெம்பர் 7ஆம் திகதி சனிக்கிழமை. இன்னும் ஒன்பது நாள். காலையில் கட்டையைத் துடைத்து உறையில் போட எடுத்த சுலோஜனா நின்றாள். கேதீஸ்வரி வியர்வைக்காகக் கன்னத்தில் பவுடர் போட்டுக்கொண்டுதான் சுட இருப்பாள். கட்டையின் கன்னம் வைக்கும் இடத்தில் வெள்ளை படியும். வலது தோளில் வைத்துச் சுடுகிறவரின் கன்னம் கட்டையின் இடது பக்கத்தில்தான் படும். இடது பக்கத்தில் வெள்ளை இருந்தது. வலது பக்கத்திலும் இருந்தது. துணியில் படிந்த கறையைப் பார்த்தே போட்டவர் எப்படி உட்கார்ந்தார் என்று சொல்லக்கூடியவள் அவள். இது தற்செயலாகப் பட்டதல்ல. பல நாள் படிந்தது.

மடிக்கணினியைத் திறந்தாள். ஆங்கிலம் அவளுக்கு வராது. ஆனால் திகதியும் நேரமும் எந்த மொழியிலும் ஒன்றுதான். தன் கொப்பியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். கொப்பியில் இல்லாத பதிவுகள் ஏழு இருந்தன. எல்லாம் செவ்வாயும் வெள்ளியும், காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில். அவள் நூலும் பொத்தானும் வாங்கக் களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் போகிற நேரம்.

முதலாவதைத் திறந்தாள். பத்து வெடி, 84.2. கோடு ஊரெல்லாம் சுற்றியிருந்தது. இரண்டாவது 89.7. மூன்றாவது 93.0. நான்காவதில் மஞ்சள் ஒரு பொத்தான் அளவுக்கு வந்திருந்தது. ஆறாவதில், இந்தக் கிழமைச் செவ்வாய், மஞ்சள் கடுகளவு. துள்ளல் எங்குமே இல்லை. 98.8.

அதைப் பார்த்துக்கொண்டு அவள் எவ்வளவு நேரம் இருந்தாளோ தெரியாது. றோஸ்மேரி வந்து சுட்டாளோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. கடைசிப் பதிவு, நேற்றுக் காலையினது, அதை உடைத்தது. அதில் ஒரே ஒரு வெடி. பச்சைக் கோடு வட்டத்தைத் தேடவேயில்லை. வட்டத்துக்கு வெளியே இரண்டு சுழியாகச் சுழன்று, பிறகு கீழே இறங்கி, வளைந்து, குறுக்கே ஓடி நின்றிருந்தது. முதலில், இவ்வளவு மோசமான ஆட்டத்தை நான் பார்த்ததேயில்லை என்று நினைத்தாள். பிறகுதான் அது ஆட்டமல்ல என்று தெரிந்தது. துப்பாக்கியின் மூக்கைப் பேனையாக்கி, பத்து மீற்றருக்கு அப்பாலுள்ள சுவரில் அவள் தங்கை எழுதிப் பார்த்திருந்தாள். கோணல்தான், ஆனாலும் வாசிக்க முடிந்தது. "கே."

சுலோஜனா எழுந்தாள். பின்வாசலால் இறங்கி வாவிக் கரைவரை நடந்தாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். வெட்டவேண்டிய சட்டைத் துணியை விரித்து, வாழ்க்கையில் முதன்முறையாகக் கையை ஒரு அங்குலம் குட்டையாக வெட்டினாள். கத்தரிக்கோலை வைத்துவிட்டு மறுபடி வாவிக் கரைக்குப் போனாள்.

திரும்பியபோது கேதீஸ்வரி குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இதை ஆர் சுட்ட?" மடிக்கணினியைத் தூக்கி வந்து அடுப்புத் திட்டில் வைத்தாள்.

கேதீஸ்வரி பார்த்தாள். கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "நான்தான்."

"எந்தக் கையால?"

"இந்தக் கையால." இடது கையை, தேநீரோடு சேர்த்து, தூக்கிக் காட்டினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"பீச்சக்கையால சுட்டா நாலு பேர் என்ன சொல்லுவாக?"

"தொண்ணூத்தெட்டுப் புள்ளி எட்டு எண்டு சொல்லுவாக."

"எனக்கு ஏன்டி சொல்லல்ல?"

"சொன்னா கட்டி வைப்பாய் எண்டு."

சொன்ன பிறகு கேதீஸ்வரியே திடுக்கிட்டாள். இருபத்தைந்து வயதுப் பெண்ணை யாரும் கட்டி வைக்கப் போவதில்லை, இருவருக்கும் தெரியும். ஆனாலும் சொல் வந்துவிட்டது. கூரைத் தகரம் கடகடத்தது. தூரத்தில் பஸ் போனது. பத்து நாற்பது பஸ்.

"கை வரட்டும் எண்டுதான் கட்டினன்" என்றாள் சுலோஜனா. "நேர்ஸ் சொன்னா."

"தெரியும் அக்கா. ஆறு கிழமை எண்டு சொன்னா. நானும் அங்கதான் இருந்தன்." கேதீஸ்வரி கோப்பையை அக்காவிடம் நீட்டினாள், இடது கையால். "சோத்துக்கை சோத்தைத் திங்கட்டும். அதுக்கு அது போதும். இந்தா, குடி. ஆறுது."

இடது கையால் நீட்டிய எதையும் சுலோஜனா அதற்கு முன் வாங்கியதில்லை. கடைக்காரன் மிச்சக் காசைத் தந்தாலும் வாங்காமல் நிற்பாள். வாங்கினாள். குடித்தாள். சீனி கூடவென்று சொன்னாள்.

பிறகு கித்தான் சட்டையை எடுத்து மடியில் விரித்து, வலது தோளில் தான் போட்ட இரட்டைத் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். பிரிய மனமில்லாத தையல். அவளே அப்படித்தான் போட்டிருந்தாள். அரை நாள் பிடித்தது. மூன்று மடிப்பையும் எடுத்து இடது தோளில் வைத்து, நாடாவால் அளந்து, ஊசியைக் கேட்டாள். கேதீஸ்வரி நூல் கோத்துக் கொடுத்தாள். ஒரே தள்ளு.

அந்தக் கிழமை முழுவதும் தாங்கியை வலமிருந்து இடத்துக்கு மாற்றுவதும், உட்காரும் வாங்கைத் திருப்புவதும், சுலோஜனா நிற்க வேண்டிய பக்கத்தை மாற்றிப் பழகுவதுமாகவே போனது. பதினாறு வருடமாக ஒரு பக்கமாகவே நின்று பழகிய கால், மறுபக்கம் போனதும் தாங்கியை உதைத்தது. திங்கள் 566. செவ்வாய் 571. புதன் 569, அன்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வியாழன் 578. வெள்ளி சுடவில்லை. சுலோஜனா சந்தைக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு, களுவாஞ்சிக்குடியில் ஒன்றும் வாங்காமல் இரண்டு தரம் சந்தையைச் சுற்றி நடந்து, வெறுங்கையோடு வந்தாள். வீட்டில் நின்றால் தங்கையின் கையைத் திருத்தப் போவாள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

சனிக்கிழமை காலை றோஸ்மேரி வந்தாள். இடது தோளில் சட்டையின் மடிப்பைக் கண்டதும் புருவத்தைத் தூக்கினாள். சுலோஜனாவைப் பார்த்தாள். மடிக்கணினியைத் திறந்தாள்.

அறுபது வெடிக்கு ஒரு மணித்தியாலம். சுலோஜனா இல்லாத குண்டைப் போட்டாள், பின்னால் நகர்ந்தாள், வாயை மூடிக்கொண்டாள். முப்பதாவது வெடியில் சீதேவிப்பிள்ளை மாமி வேலிக்கு மேலால், "இண்டைக்கென்ன, பீச்சக்கையாலயா?" என்று குரல் கொடுத்தார். துப்பாக்கியின் மூக்கு அசைந்தது. திரையில் பச்சைக் கோடு வட்டத்தை விட்டு வெளியே போனது. கேதீஸ்வரி விசையை இழுக்கவில்லை. கட்டையை இறக்கினாள். மூச்சை விட்டாள். மீண்டும் ஏற்றினாள். பச்சை உள்ளே வந்தது, மஞ்சள் சுருங்கியது. டிக். 10.4. சுலோஜனா மாமியின் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல், தன் வாய்க்குக் குறுக்கே ஊசியால் தைப்பதுபோலக் கையை அசைத்துக் காட்டினாள். மாமியின் தலை வேலிக்குக் கீழே போனது.

கணக்கு: 586.1.

றோஸ்மேரி விண்ணப்பத்தை வெளியே எடுத்தாள். "சுடும் கை வலது எண்டு கிடக்கு. வெட்டி, இடது எண்டு எழுதுவம். வெட்டின இடத்தில விண்ணப்பதாரி ஒப்பம் வைக்கணும்." பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்தாள்.

கேதீஸ்வரி மைப்பெட்டியை மூடி, றோஸ்மேரியின் பக்கம் தள்ளினாள். "பேனை தாங்க மிஸ்."

சுலோஜனா குறுக்கிட்டாள். "அடையாள அட்டையில பெருவிரல்தானே மிஸ் இரிக்கு? பொருந்தல்ல எண்டு திருப்பி அனுப்பினா? இன்னும் ரெண்டு நாள்தான்..."

"பக்கத்தில பெருவிரலையும் வைக்கட்டும். நான் சாட்சி போடுறன்" என்றாள் றோஸ்மேரி.

"பெருவிரலைப் பிறகு வைக்கிறன். முதல்ல பேர்" என்றாள் கேதீஸ்வரி.

கடுதாசி காற்றில் எழும்பியது. வலது முழங்கையை அதன் மேல் வைத்து அமத்தினாள். அந்தக் கை நடுங்கவில்லை, பாரமாக அப்படியே கிடந்தது. இடது கையில் பேனை. மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தினாள். சுலோஜனாவின் கை தன்னையறியாமல் பேனையைப் பிடித்துக் கொடுக்க முன்னே போனது. பின்னால் இழுத்துக்கொண்டாள். குண்டு போட்டுக்கொடுத்தாகிவிட்டது, இனி அவள் பேசக் கூடாது, தொடக் கூடாது. "கே" முடிய மூச்சு ஒன்று. "தீ" முடிய ஒன்று. ஐந்து எழுத்துக்கு ஐந்து மூச்சு. கடைசி எழுத்தின் வால் கட்டத்தைத் தாண்டி இரண்டு மில்லிமீற்றர் வெளியே போயிற்று. சுலோஜனா கண்டாள், சொல்லவில்லை.

அந்தப் பத்திரத்தின் பிரதி அளவுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், 531க்கும் மேலே, ஒட்டப்பட்டிருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் திகதியையும் கேதீஸ்வரி தானே எழுதினாள்: 2024 செப்டெம்பர் 14.